எஸ்கியூலைட்: செயலிக்குள்ளேயே இயங்கும் தரவுத்தளம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரவைச் சேமிக்க வேண்டும் என்றதும் பலர் உடனே ஒரு தரவுத்தள சர்வரை நிறுவப் போய்விடுகிறார்கள். ஒரே கணினியில் ஒரு செயலி தன் தரவைத் தானே எழுதி, தானே படிக்கிறது என்றால் அதற்கு சர்வர் தேவையில்லை. எஸ்கியூலைட் போதும். பெரும்பாலான நேரங்களில் அதுதான் வேகமாகவும் இருக்கும். ஆனால் அந்த வேகம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: கேட்கப்போகும் கேள்விக்கு ஏற்ற இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும், வரிசைப்படுத்திய பட்டியல்) இருக்கிறதா, டிரான்சாக்‌ஷன் (முழுதாக நடக்கும் அல்லது ஒன்றுமே நடக்காத மாற்றங்களின் தொகுப்பு) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் சுற்றியே வருகின்றன. கட்டளைகளைப் பேச்சில் சொல்வது போலவே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

உள்ளிணைந்த தரவுத்தளம் என்றால் என்ன? மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் போன்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரஸும் தனி பிராசஸாக, அதாவது உங்கள் நிரலுக்கு வெளியே இன்னொரு நிரலாக ஓடுபவை. உங்கள் நிரல் ஒரு சாக்கெட் (நிரல்களுக்கிடையேயான தொடர்பு வழி) வழியாக அவற்றுக்கு வினவலை (தரவைக் கேட்கும் கட்டளையை) அனுப்பும், விடைக்காகக் காத்திருக்கும். எஸ்கியூலைட்டில் அப்படி எதிர்முனையில் யாரும் இல்லை. அது ஒரு சி மொழி லைப்ரரி. உங்கள் நிரலோடு சேர்ந்தே கம்பைல் ஆகி, அதே பிராசஸுக்குள் இயங்குகிறது. தரவு முழுவதும் வட்டில் ஒரே ஒரு கோப்பு. பயனர் கணக்கு, கடவுச்சொல், போர்ட் எண் எதுவும் கிடையாது.

இதை எழுதியவர் ரிச்சர்ட் ஹிப். முதல் பதிப்பு 2000 ஆகஸ்டில் வந்தது. அப்போது அவர் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். தரவுத்தள சர்வர் நின்றுபோனால் நிரலும் பயனற்றுப் போனது. சர்வரே இல்லாமல் வட்டிலிருந்து நேராகப் படித்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் எஸ்கியூலைட். இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன், ஃபயர்ஃபாக்ஸ், குரோம், பைத்தான் எல்லாவற்றுக்குள்ளும் இது இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும் கருவியிலேயே ஏராளமான எஸ்கியூலைட் கோப்புகள் இருக்கும்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம் தூரம். சர்வர் தரவுத்தளத்தில் ஒவ்வொரு வினவலும் நெட்வொர்க் வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். ஒரே கணினிக்குள் இருந்தாலும் ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். எஸ்கியூலைட்டில் வினவல் என்பது சாதாரண ஃபங்ஷன் அழைப்பு. இதனால் ஒரு பழக்கத்தையே மாற்றிக்கொள்ளலாம். சர்வர் தரவுத்தளத்தில் நூறு சின்ன வினவல்கள் அனுப்புவது பெரிய குற்றம். எல்லாவற்றையும் ஒரே ஜாயினில் (பல அட்டவணைகளை இணைத்துக் கேட்கும் வினவலில்) அடைக்கச் சொல்வார்கள். இங்கே நூறு சின்ன வினவல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பதில் தவறே இல்லை. நிரல் படிக்க எளிதாக இருந்தால் அப்படியே எழுதுங்கள்.

இரண்டாவது, தரவு அடுக்கப்பட்டிருக்கும் விதம். கோப்பு முழுவதும் சம அளவுப் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 2016 முதல் இயல்பான பக்க அளவு 4096 பைட். ஒவ்வோர் அட்டவணையும் ஒவ்வோர் இண்டெக்ஸும் ஒரு பி-டிரீ, அதாவது வரிசைப்படி அடுக்கிய, கிளை பிரியும் மரம். ஒரு பக்கத்தில் 200 குறிப்புகள் அடங்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று படிகள் இறங்கினால் 200 × 200 × 200, அதாவது 80 லட்சம் வரிசைகளில் (அட்டவணைப் பதிவுகளில்) ஒன்றைத் தொட்டுவிடலாம். படித்தது மூன்றே பக்கங்கள். மேல்படிப் பக்கங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கேஷில் (நினைவகத்தில் வைத்த நகலில்) இருக்கும், எனவே வட்டுக்குப் போவது ஒரு தடவைதான், சில நேரம் அதுவும் இல்லை.

மூன்றாவது, முன்கூட்டியே தயாரித்த வினவல். எஸ்கியூலைட் உங்கள் எஸ்கியூஎல் (தரவுத்தளங்களின் வினவல் மொழி) வாக்கியத்தை முதலில் ஒரு பைட்கோடு நிரலாக, அதாவது தானே ஓட்டக்கூடிய சிறு கட்டளைகளாக மாற்றுகிறது, பிறகு அதை ஓட்டுகிறது. ஒரே வினவலைத் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறீர்கள் என்றால் ஒரு முறை தயாரித்து வைத்துக்கொண்டு, மதிப்புகளை மட்டும் கேள்விக்குறிகளின் இடத்தில் பொருத்துங்கள். மாற்றும் வேலை மிச்சம். பயனர் தரும் சரம் (எழுத்துத்தொடர்) கட்டளையாக மாறி ஊடுருவும் ஆபத்தும் அதோடு போய்விடும்.

அப்படியிருந்தும் என் வினவல் மெதுவாக ஓடுகிறதே?

எஸ்கியூலைட்டையே கேளுங்கள். வினவலுக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் கொயரி பிளான் என்று சேர்த்து ஓட்டினால், அது என்ன செய்யப்போகிறது என்று ஓரிரு வரிகளில் சொல்லிவிடும். எங்கே தாமதம் என்று ஊகித்துக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். இதைப் பழக்கமாக்கிக்கொண்ட நிரலாளருக்குத் தரவுத்தளம் ஒரு மர்மமாகவே இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டை முழுக்கப் பார்ப்போம். அரட்டைச் செயலி ஒன்றில் செய்திகள் என்று ஓர் அட்டவணை. அதில் எண், உரையாடல், நேரம், உரை, படித்ததா என்று ஐந்து நெடுவரிசைகள். (அட்டவணைக்கும் நெடுவரிசைக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், எஸ்கியூலைட் ஏற்றுக்கொள்ளும்.) திரையில் காட்ட வேண்டியது, ஓர் உரையாடலின் கடைசி 50 செய்திகள். வினவல் இப்படி இருக்கும்: செலக்ட் எண், நேரம், உரை ஃப்ரம் செய்திகள் வேர் உரையாடல் = ? ஆர்டர் பை நேரம் டெஸ்க் லிமிட் 50.

இண்டெக்ஸ் எதுவும் இல்லாதபோது திட்டம் இரண்டு வரிகளாக வரும். முதல் வரி, ஸ்கேன் செய்திகள். அதாவது அட்டவணையின் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒன்றுவிடாமல் படிக்கப்போகிறது. இரண்டாவது வரி, யூஸ் டெம்ப் பி-டிரீ ஃபார் ஆர்டர் பை. கிடைத்தவற்றைத் தனியே ஒரு தற்காலிக மரத்தில் போட்டு வரிசைப்படுத்தப்போகிறது. ஆயிரம் செய்திகள் இருக்கும் சோதனைத் தரவில் இது கண்ணுக்கே தெரியாது. பத்து லட்சம் சேர்ந்த பிறகு திரை திறக்கும்போதெல்லாம் தெரியும்.

இப்போது உரையாடல் என்ற நெடுவரிசைக்கு மட்டும் ஓர் இண்டெக்ஸ் போடுகிறோம். ஸ்கேன் என்பது சர்ச் ஆக மாறும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் தற்காலிக மரம் அப்படியே நிற்கிறது. ஓர் உரையாடலில் 40,000 செய்திகள் இருந்தால், 50 செய்திகளைக் காட்ட 40,000 வரிசைகளையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

இண்டெக்ஸை உரையாடல், நேரம் என்று இரண்டும் சேர்த்து இதே வரிசையில் போடுங்கள். தற்காலிக மரம் காணாமல் போகும். இண்டெக்ஸுக்குள் ஒவ்வோர் உரையாடலின் செய்திகளும் ஏற்கெனவே நேரப்படி அடுக்கப்பட்டிருப்பதால், எஸ்கியூலைட் அந்த உரையாடலின் கடைசி முனைக்குப் போய், பின்னோக்கி 50 எடுத்து நிறுத்திக்கொள்கிறது. உரையாடலில் 40,000 செய்திகள் இருந்தாலும் 40 லட்சம் இருந்தாலும் வேலை கிட்டத்தட்ட ஒன்றேதான்.

இந்த வரிசை முறை முக்கியம். சமக்குறியோடு தேடும் நெடுவரிசை முன்னால், வரிசைப்படுத்தும் அல்லது வீச்சாகத் தேடும் நெடுவரிசை பின்னால். மாற்றி நேரம், உரையாடல் என்று போட்டால் இந்தக் கேள்விக்கு அது சரியாக உதவாது. அதே போல, உரையாடல் எது என்று சொல்லாமல் நேரத்தை மட்டும் வைத்துத் தேடும் வினவலுக்கு நாம் போட்ட இண்டெக்ஸ் பொதுவாகப் பயன்படாது.

இன்னொரு பொறி: நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டுத் தேடுவது. வேர் டேட்(நேரம்) = ஒரு குறிப்பிட்ட நாள் என்று எழுதினால், இண்டெக்ஸில் இருப்பது நேரம்; நீங்கள் கேட்பது வேறொரு மதிப்பு. எனவே ஸ்கேன்தான். அந்த நாளின் தொடக்க நேரத்துக்கும் அடுத்த நாளின் தொடக்கத்துக்கும் இடையில் என்று வீச்சாகக் கேளுங்கள், இண்டெக்ஸ் வேலை செய்யும். ஃபங்ஷன் இல்லாமல் முடியாது என்றால் அந்தக் கோவைக்கே இண்டெக்ஸ் போடலாம். 2015 முதல் அந்த வசதி இருக்கிறது.

சரி, எல்லா நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போட்டுவிடலாமா?

வேண்டாம். ஒரு வரிசையைச் சேர்க்கும்போது அந்த அட்டவணையின் ஒவ்வோர் இண்டெக்ஸிலும் ஒரு பதிவு சேர்க்க வேண்டும். ஏழு இண்டெக்ஸ் இருந்தால் ஒரு செருகலுக்கு எட்டு மரங்களைத் தொட வேண்டும், கோப்பும் பெருக்கும். செயலி உண்மையில் கேட்கும் வினவல்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் போடுங்கள்.

பகுதி இண்டெக்ஸ் என்று ஒன்று உண்டு, அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. படிக்காத செய்திகளை மட்டும் எண்ண வேண்டும் என்றால், படித்ததா = 0 என்ற நிபந்தனையோடு இண்டெக்ஸை உருவாக்குங்கள். பத்து லட்சத்தில் முந்நூறு செய்திகள் மட்டுமே படிக்காதவை என்றால், அந்த இண்டெக்ஸில் முந்நூறு பதிவுகள்தான் இருக்கும். சின்னஞ்சிறிய மரம், உடனடி விடை.

இண்டெக்ஸ்களைப் போட்டபின் அனலைஸ் என்ற கட்டளையை ஒருமுறை ஓட்டினால், எந்த இண்டெக்ஸ் எவ்வளவு வடிகட்டும் என்ற புள்ளிவிவரத்தை எஸ்கியூலைட் சேமித்துக்கொள்ளும். இரண்டு இண்டெக்ஸ்களில் எதைத் தேர்வது என்று தடுமாறும்போது அது கைகொடுக்கும். இணைப்பை மூடும் முன் பிராக்மா ஆப்டிமைஸ் (பிராக்மா என்பது எஸ்கியூலைட்டின் அமைப்புகளுக்கான கட்டளை வகை) ஓட்டினால் தேவைப்படும்போது இதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பக்கம் பக்கமாகக் காட்டுகிறேன். முதல் பக்கம் சட்டென்று வருகிறது, போகப்போக மெதுவாகிறது. ஏன்?

ஆஃப்செட்தான் காரணம். ஆஃப்செட் 10000 என்றால், எஸ்கியூலைட் பத்தாயிரம் வரிசைகளை எண்ணித் தள்ளிவிட்டுத்தான் அடுத்ததைத் தரும். அதற்குப் பதிலாக, கடைசியாகக் காட்டிய செய்தியின் நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தையவற்றில் 50 என்று கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு செய்திகள் வந்திருக்கலாம் என்பதால் நேரத்தோடு எண்ணையும் சேர்த்து, (நேரம், எண்) < (?, ?) என்று ஒப்பிட்டு, வரிசைப்படுத்துவதையும் அந்த இரண்டாலேயே செய்யுங்கள். எண் என்பது இன்டிஜர் பிரைமரி கீ (வரிசையை அடையாளம் காட்டும் முழு எண் சாவி) ஆக இருந்தால், அது எல்லா இண்டெக்ஸின் கடைசியிலும் தானாகவே இருக்கிறது, தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. ஆயிரமாவது பக்கமும் முதல் பக்கம் போலவே வரும்.

பத்தாயிரம் வரிசைகளைச் சேர்க்க நிமிடக் கணக்கில் ஆகிறது. எஸ்கியூலைட் எழுதுவதில் மெதுவா?

இல்லை. நீங்கள் பத்தாயிரம் டிரான்சாக்‌ஷன்களைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். பிகின் என்று சொல்லாமல் இன்சர்ட் செய்தால், ஒவ்வோர் இன்சர்ட்டும் தனி டிரான்சாக்‌ஷன். ஒவ்வொன்றின் முடிவிலும் தரவு உண்மையிலேயே வட்டில் பதிந்துவிட்டதா என்று இயங்குதளத்திடம் உறுதி கேட்டுவிட்டுத்தான் எஸ்கியூலைட் அடுத்த வேலைக்குப் போகும். மின்சாரம் போனாலும் கமிட் ஆனது (முடிந்ததாக உறுதிசெய்யப்பட்டது) தொலையக்கூடாது என்பதற்காக இந்தக் கவனம்.

சுழலும் வட்டில் இதன் விலை தெளிவாகத் தெரியும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு ஏறத்தாழ இரண்டு சுற்று தேவை. ஆக நொடிக்கு 60 டிரான்சாக்‌ஷன் அளவில்தான் முடியும். எஸ்எஸ்டியில் இது பல மடங்கு மேல், ஆனாலும் உறுதி கேட்கும் வேலை இலவசம் அல்ல. அதே கணினியில், ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் நொடிக்கு 50,000 இன்சர்ட் செய்வது எஸ்கியூலைட்டுக்குச் சாதாரணம்.

பிகின், பத்தாயிரம் இன்சர்ட், கமிட். இவ்வளவுதான் மருந்து. வினவலை ஒரு முறை தயாரித்து மதிப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய இறக்குமதி என்றால் இண்டெக்ஸ்களைக் கடைசியில் உருவாக்குவது இன்னும் நல்லது.

வேகத்துக்காக பிராக்மா சின்க்ரனஸ் = ஆஃப் என்று வைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். மீண்டும் உருவாக்கிவிடக்கூடிய தற்காலிகத் தரவைத் தவிர வேறெதற்கும் அதைச் செய்யாதீர்கள். தவறான நொடியில் மின்சாரம் போனால் கோப்பே சிதைந்துபோகலாம்.

டேட்டாபேஸ் இஸ் லாக்டு என்று பிழை வருகிறது. என்ன செய்வது?

இந்தப் பிழையைப் பார்த்து எஸ்கியூலைட்டையே கைவிட்டவர்கள் உண்டு. அது வருத்தமான விஷயம், ஏனென்றால் பெரும்பாலும் மூன்று மாற்றங்களில் தீர்ந்துவிடும்.

அடிப்படை விதி: ஒரு தரவுத்தளக் கோப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம். பழைய, இயல்பான முறையில் எழுதுபவர் கமிட் செய்யும் வேளையில் படிப்பவர்கள் காத்திருக்க வேண்டும். படிப்பவர் ஒருவர் முடிக்காமல் இருந்தால் எழுதுபவர் கமிட் செய்ய முடியாது. 2010-இல் 3.7.0 பதிப்போடு வந்த வால் முறை (ரைட்-அஹெட் லாக் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) இதை மாற்றியது. அதில் மாற்றங்கள் முதலில் பக்கத்திலேயே இருக்கும் ஒரு பதிவுக் கோப்பின் கடைசியில் சேர்க்கப்படும். மூலக் கோப்பு அப்படியே இருப்பதால், படிப்பவர் தான் தொடங்கிய நேரத்து நிலையைத் தொந்தரவில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பதிவுக் கோப்பு 1000 பக்கங்களை எட்டியதும் மாற்றங்கள் மூலக் கோப்புக்கு மாற்றப்படும். பிராக்மா ஜர்னல்_மோட் = வால் என்று ஒரு முறை சொன்னால் போதும், கோப்பே அதை நினைவில் வைத்துக்கொள்ளும். இது முதல் மாற்றம்.

இரண்டாவது, பிராக்மா பிஸி_டைம்அவுட். பூட்டு இருந்தால் உடனே பிழை தராமல் இவ்வளவு மில்லிநொடி காத்திரு என்று சொல்வது. எழுதுவது பெரும்பாலும் சில மில்லிநொடிகளில் முடியும் என்பதால் 5000 என்று வைத்தால் பிழை அரிதாகிவிடும். இதை ஒவ்வோர் இணைப்பிலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். காத்திருக்கச் சொல்லியும் பூட்டுப் பிழை உடனே வருகிறது என்று குழம்புபவர்களின் நிரலைப் பார்த்தால், டிரான்சாக்‌ஷன் ஒரு செலக்ட்டோடு தொடங்கி, பிறகு அப்டேட் செய்யும். வெறும் பிகின் என்றால் முதலில் படிக்கும் உரிமை மட்டும்தான் கிடைக்கும். நடுவில் எழுதும் உரிமைக்கு ஏற முயலும்போது, அதற்குள் வேறொருவர் எழுதி முடித்திருந்தால், நீங்கள் படித்த நிலை பழையதாகிவிட்டது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது புதிதாகாது என்பதால் எஸ்கியூலைட் காத்திருக்காமலே மறுத்துவிடுகிறது. எழுதப்போகிறீர்கள் என்று தெரிந்தால் பிகின் இமீடியட் என்றே தொடங்குங்கள். எழுதும் உரிமை முதலிலேயே கிடைக்கும், கிடைக்கும் வரை ஒழுங்காக வரிசையில் காத்திருக்கும்.

இதோடு ஒரு பழக்கம்: டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு நெட்வொர்க் அழைப்பு செய்யாதீர்கள், பயனரின் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். படிப்பதற்கும் இது பொருந்தும். முடிக்காமல் விட்ட ஒரு செலக்ட், வால் பதிவுக் கோப்பை முதலிலிருந்து மீண்டும் பயன்படுத்த விடாமல் தடுத்து, அதை ஊதிப் பெருக்க வைக்கும்.

இணைப்பைத் திறந்ததும் வேறு என்ன அமைப்புகளைச் சொல்ல வேண்டும்?

பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன். அயல் சாவிக் கட்டுப்பாடுகள் (ஓர் அட்டவணை சுட்டும் மதிப்பு இன்னோர் அட்டவணையில் இருந்தாக வேண்டும் என்ற விதிகள்) இயல்பாக அணைந்தே இருக்கின்றன, பழைய நிரல்கள் உடைந்துவிடக்கூடாது என்பதற்காக. ஒவ்வோர் இணைப்பிலும் இயக்க வேண்டும். வால் முறையில் சின்க்ரனஸ் = நார்மல் என்று வைப்பது நியாயமான சமரசம்: மின்சாரம் திடீரென்று போனால் கடைசி ஓரிரு கமிட் தொலையலாம், ஆனால் கோப்பு சிதையாது. பணப் பரிவர்த்தனை போன்ற, ஒன்றும் தொலையக்கூடாத தரவு என்றால் ஃபுல் என்றே விடுங்கள். கேஷ் அளவு இயல்பாக 2 எம்பி அளவுதான். நினைவகம் தாராளமாக இருந்தால் கூட்டலாம்.

தமிழ் உரையைச் சேமித்துத் தேடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

சேமிப்பதில் சிக்கல் இல்லை, யூனிகோடு அப்படியே போய் அப்படியே வரும். தேடலிலும் அகரவரிசையிலும்தான் கவனம் வேண்டும், இதைச் சொல்லும் வழிகாட்டிகள் மிகக் குறைவு.

முழு உரைத் தேடலுக்கு எஃப்டிஎஸ்5 என்ற நல்ல வசதி இருக்கிறது. அதன் இயல்பான சொற்பிரிப்பான் எழுத்து, எண் வகைக் குறியீடுகளை மட்டும் சொல்லின் பகுதியாக ஏற்கும். மற்றவை எல்லாம் சொற்களுக்கு இடைவெளி. யூனிகோடில் துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவை எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. விளைவு, பாடு என்ற சொல் ப, ட என்று இரண்டு துண்டாக உடையும். பெட்டி என்பது ப, ட, ட என்று உடையும். பாடு என்று தேடினால் பெட்டியும் பூட்டும் வந்து நிற்கும். தீர்வு எளிது: எஃப்டிஎஸ்5 அட்டவணையை உருவாக்கும்போது யூனிகோடு61 சொற்பிரிப்பானுக்கு கேட்டகரீஸ் என்ற விருப்பத்தில் எல்*, என்*, சிஓ (எழுத்து, எண் உள்ளிட்ட இயல்பான வகைகள்) ஆகியவற்றோடு எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்த்துக் கொடுங்கள். சொற்கள் முழுதாக நிற்கும்.

தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டி வருவதால் முழுச்சொல் தேடல் மட்டும் போதாது. மரம் என்று தேடுபவருக்கு மரத்தில், மரங்களை எல்லாம் வேண்டும். மர* என்று முன்னொட்டாகத் தேடுவது பாதி வேலையை முடிக்கும். சொல்லின் நடுவிலும் தேட வேண்டும் என்றால் 2020-இல் சேர்ந்த, உரையை மும்மூன்று குறியீடுகளாக வெட்டும் டிரைகிராம் சொற்பிரிப்பானைப் பாருங்கள். இண்டெக்ஸ் பெரிதாகும், தேடல் விரியும். உரையின் எந்த இடத்திலும் பொருந்தத் தேடும் லைக் '%…%' என்பது எந்தச் சாதாரண இண்டெக்ஸையும் பயன்படுத்தாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அகரவரிசைக்கு வருவோம். எஸ்கியூலைட் இயல்பாக பைட் வரிசையில் அடுக்கும். யூனிகோடில் ல, ள, ழ, வ என்று இருப்பதால் பலா, பழம், பவளம் என்று வரும். நம் அகராதியில் பவளம்தான் பழத்துக்கு முன்னால். சொந்தமாக ஓர் ஒப்பீட்டு ஃபங்ஷனைப் பதிவு செய்யலாம்; ஆனால் அதை வைத்து இண்டெக்ஸ் போட்டால், அந்த ஃபங்ஷன் இல்லாத வேறு கருவியில் கோப்பைத் திறந்து அந்த இண்டெக்ஸைத் தொட முடியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகரவரிசைச் சாவி ஒன்றைக் கணக்கிட்டுத் தனி நெடுவரிசையில் சேமித்து, அதற்கு இண்டெக்ஸ் போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. எங்கே திறந்தாலும் வேலை செய்யும்.

கடைசியாக இரண்டு. கொ என்ற எழுத்தின் குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, எஸ்கியூலைட்டுக்கு இரண்டு வேறு சரங்கள். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி என்ற யூனிகோடு சீர் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். லெங்த் ஃபங்ஷன் குறியீடுகளை எண்ணும், எழுத்துகளை அல்ல: கணினி என்பதற்கு 5 என்று சொல்லும்.

எண்களுக்கான நெடுவரிசையில் சரத்தைப் போட்டால்கூட ஏற்றுக்கொள்கிறதே?

ஆம், எஸ்கியூலைட்டில் வகை என்பது மதிப்போடு சேர்ந்தது. நெடுவரிசையின் வகை ஒரு விருப்பம் மட்டுமே. கட்டாயம் வேண்டுமென்றால் அட்டவணை வரையறையின் கடைசியில் ஸ்ட்ரிக்ட் என்று சேருங்கள். 2021-இல் வந்த 3.37.0 பதிப்பு முதல் இது உண்டு. புதிய அட்டவணைகளுக்கு நான் எப்போதும் இதைத்தான் பரிந்துரைப்பேன். தேதிக்குத் தனி வகை இல்லை. 1970 முதல் கடந்த நொடிகளை முழு எண்ணாகச் சேமியுங்கள், அல்லது ஆண்டு-மாதம்-நாள் என்ற வடிவில் சரமாகச் சேமியுங்கள். இரண்டும் சரியாக வரிசையாகும். நாளை முன்னால் போட்டு எழுதினால் ஆகாது.

காப்பு எடுக்க கோப்பை நகலெடுத்தால் போதாதா?

செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது கூடாது. நகலெடுக்கும் நடுவில் ஒரு கமிட் நடந்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு கோப்பு கிடைக்கும். வால் முறையில் அண்மைய மாற்றங்கள் பக்கத்துப் பதிவுக் கோப்பில் இருக்கலாம், மூலத்தை மட்டும் நகலெடுத்தால் அவை விட்டுப்போகும். வேக்யூம் இன்டூ என்று ஒரு கோப்புப் பெயர் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சீரான, காலியிடம் நீக்கிய நகல் கிடைக்கும். எடுத்த நகலில் பிராக்மா இன்டெக்ரிட்டி_செக் ஓட்டி ஓகே என்று வருகிறதா பார்த்துவிடுங்கள்.

நெட்வொர்க்கில் பகிர்ந்த கோப்புறையில் வைத்துப் பல கணினிகளிலிருந்து திறக்கலாமா?

வேண்டாம். நெட்வொர்க் கோப்பு அமைப்புகளில் பூட்டுகளை நம்ப முடியாது. வால் முறை பகிர்ந்த நினைவகத்தைப் பயன்படுத்துவதால், எல்லோரும் ஒரே கணினியில் இருந்தாக வேண்டும்.

எவ்வளவு பெரிய தரவு வரை தாங்கும்?

கோட்பாட்டளவில் 281 டெராபைட். அதற்கு வெகு முன்பே காப்பு எடுக்கும் நேரமும் வட்டின் அளவும் உங்களை நிறுத்தும். சில பத்து ஜிபி வரை, சரியான இண்டெக்ஸ் இருந்தால், கவலைப்படக் காரணம் இல்லை.

இணையதளத்துக்குப் பயன்படுத்தலாமா?

ஒரே சர்வரில் ஓடும் தளம், படிப்பது அதிகம், எழுதுவது குறைவு என்றால் தாராளமாக. எஸ்கியூலைட்டின் சொந்த இணையதளமே எஸ்கியூலைட்டில்தான் ஓடுகிறது. நாளுக்கு நான்கைந்து லட்சம் கோரிக்கைகளைக் கையாள்வதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். செயலியைப் பல கணினிகளில் பரப்ப வேண்டிய நிலை வந்தாலோ, பல பயனர்கள் இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருந்தாலோ போஸ்ட்கிரஸுக்குப் போய்விடுங்கள். அப்போது எஸ்கியூலைட்டை வளைத்து நெளித்து வைத்திருப்பதில் பயனில்லை.

டக்டிபி, எல்எம்டிபி, ராக்ஸ்டிபி இவற்றை எப்போது பார்க்க வேண்டும்?

மூன்றும் செயலிக்குள்ளேயே இயங்குபவைதான், நோக்கம் வேறு. எஸ்கியூலைட் ஒரு வரிசையின் எல்லா நெடுவரிசைகளையும் சேர்த்து வைக்கிறது, ஒன்றைக் கண்டுபிடித்து எடுக்க அது ஏற்றது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் உருவான டக்டிபி, நெடுவரிசை வாரியாக வைக்கிறது. கோடிக்கணக்கான வரிசைகளில் ஒரு நெடுவரிசையின் கூட்டுத்தொகை, சராசரி என்று ஆய்வுக் கேள்விகள் கேட்டால் அது பல மடங்கு முந்தும். எல்எம்டிபியும் ராக்ஸ்டிபியும் சாவி கொடுத்தால் மதிப்பு தருபவை, எஸ்கியூஎல் கிடையாது. எல்எம்டிபி படிப்பதில் மிக வேகம். ராக்ஸ்டிபி எழுத்து அதிகமான வேலைக்கு.

செயலியின் புதிய பதிப்பில் அட்டவணை அமைப்பை மாற்ற வேண்டும். பயனர்களின் கைகளில் பழைய கோப்புகள் இருக்கின்றனவே?

கோப்பின் தலைப்பகுதியிலேயே உங்களுக்கென்று ஓர் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது: பிராக்மா யூசர்_வெர்ஷன். புதிய கோப்பில் அது 0. செயலி தொடங்கும்போது அதைப் படியுங்கள். 3 என்று இருந்து உங்கள் நிரல் 5-ஐ எதிர்பார்த்தால், 4-க்கான மாற்றத்தையும் 5-க்கான மாற்றத்தையும் வரிசையாக ஓட்டி, எண்ணையும் 5 ஆக்குங்கள். எஸ்கியூலைட்டில் கிரியேட், ஆல்டர் போன்றவையும் டிரான்சாக்‌ஷனுக்குக் கட்டுப்படும், யூசர்_வெர்ஷன் மாற்றமும் கட்டுப்படும். எல்லாவற்றையும் ஒரே பிகின் இமீடியட்டுக்குள் வையுங்கள். நடுவில் பேட்டரி தீர்ந்தாலும் கோப்பு பழைய அமைப்பில் முழுதாக இருக்கும், அடுத்த முறை திறக்கும்போது மாற்றம் முதலிலிருந்து ஓடும்.

நெடுவரிசையை நீக்கும் ஆல்டர் டேபிள் டிராப் காலம் 2021-இல் வந்த 3.35.0 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய தொலைபேசிகளில் இயங்குதளத்தோடு வரும் எஸ்கியூலைட் அதைவிடப் பழையதாக இருக்கும். அங்கே புதிய அட்டவணையை உருவாக்கி, தரவை இன்சர்ட் இன்டூ செலக்ட் மூலம் மாற்றி, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரை வைக்க வேண்டும். பழைய அட்டவணையோடு அதன் இண்டெக்ஸ்களும் போய்விடும் என்பதால் அவற்றை மீண்டும் உருவாக்க மறக்காதீர்கள். அயல் சாவிகள் இயங்கிக்கொண்டிருந்தால், டிரான்சாக்‌ஷனைத் தொடங்குவதற்கு முன்பே ஃபாரின்_கீஸை அணைத்துவிட வேண்டும், உள்ளே போனபின் அந்தக் கட்டளைக்கு விளைவு இருக்காது. கமிட் செய்யும் முன் பிராக்மா ஃபாரின்_கீ_செக் ஓட்டிப் பாருங்கள், ஒரு வரிசையும் திரும்பி வராவிட்டால் கமிட் செய்யலாம்.